ஆடு தின்னாத மஞ்சள்

சித்திரை மாதம் சித்தூர் மாவட்டத்து மேட்டு நிலங்கள் வழியாகப் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் செம்மண்தான். நிலக்கடலை பிடுங்கி மாதக்கணக்காகியிருக்கும். வரப்புப் புல் காய்ந்து, ஆட்டு மந்தை நுழைந்து வெளியேறிய இடத்தில் களாவும் சூரையும் மொட்டையாக நிற்கும். அவற்றுக்கு நடுவே ஒரு புதர் மட்டும் இலை குலையாமல், நுனியில் மஞ்சள் பூவோடு நிற்கிறது. தமிழில் அது ஆவாரை. சித்தூர், திருப்பதிப் பக்கத் தெலுங்கில் தங்கேடு. சந்திரகிரிக் கோட்டைக்குப் பின்னால் ஆடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவரிடம், இதை மட்டும் ஏன் விட்டுவிடுகின்றன என்று கேட்டேன். "பசிச்சாலும் வாய் வைக்காது சார். துவர்ப்பு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்தத் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு போனால் இந்தச் செடியின் பிழைப்பு, ஒரு பெரிய தொழிலின் வரலாறு, இன்றைய மருந்துக் கடைப் பெருமை மூன்றும் ஒரே கயிற்றில் வந்து சேரும்.

முதலில் செடியைப் பார்த்துவிடலாம். ஆள் உயரத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ வளரும் புதர். ஓர் இலைக்காம்பில் எட்டு முதல் பன்னிரண்டு ஜோடிச் சிற்றிலைகள் நெருக்கமாக, ஒன்றின் விளிம்பு மற்றதன்மேல் படும்படி அடுக்கியிருக்கும். காம்பு தண்டில் சேரும் இடத்தில் காதுமடல் போன்ற இரண்டு இலைச்செதில்கள் உண்டு. பூக்காத காலத்தில் ஆவாரையை அடையாளம் காண அதுவே எளிய வழி. 1753இல் லின்னேயஸ் இதற்குக் 'காசியா ஆரிகுலேட்டா' என்று பெயரிட்டபோது அந்தக் காதைத்தான் பெயரில் வைத்தார். ஆந்திரக் கரையோரம் சாமர்லகோட்டாவில் பல ஆண்டுகள் தாவரங்களை ஆராய்ந்த வில்லியம் ராக்ஸ்பரோ, அவர் இறந்த பிறகு 1832இல் வெளிவந்த நூலில், இதைச் 'சென்னா' பேரினத்தில் சேர்த்தார். அப்புறமும் நூறாண்டுக்கு மேல் புத்தகங்கள் பழைய பெயரையே எழுதின. 1982இல் இர்வின், பார்னெபி என்ற இரு தாவரவியலாளர்கள் காசியாக் கூட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகுதான் 'சென்னா ஆரிகுலேட்டா' என்பது நிலைத்தது. மருந்துப் பொட்டலங்களில் இன்றும் பழைய பெயர்தான் அச்சாகிறது.

பழைய சித்தூர் மாவட்டத்துக்கு ஆண்டு மழை சராசரியாக 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கேட்டால் குறைவில்லை என்றே தோன்றும். பக்கத்து அனந்தபுரத்துக்கு அதில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். ஆனால் சித்தூரின் மழை இரண்டு பருவக்காற்றுகளுக்கிடையே பங்கு பிரிந்து வருகிறது. சத்தியவேடு, ஸ்ரீகாளஹஸ்தி போன்ற கிழக்குப் பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகை மழை கைகொடுக்கும், மதனப்பள்ளிப் பக்கம் போகப் போக அதுவும் மெலியும். கிரானைட் பாறைமேல் கிடக்கும் மெல்லிய செம்மண், பெய்த நீரை நெடுநாள் பிடித்து வைக்காது. மேற்குப் பகுதியில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடி தாண்டிப் போனது வெறும் மழைக் குறைவால் மட்டும் அல்ல. மழைக்கும் மழைக்கும் இடையிலுள்ள நீண்ட வெற்றுக் காலம்தான் இங்கே பயிரைக் கொல்கிறது.

ஆவாரை அந்த வெற்றுக் காலத்துக்கென்றே அமைந்த செடி. ஆணிவேர் பாறை வெடிப்புகளைத் தேடி இறங்குகிறது. சிற்றிலையின் சின்ன அளவுக்கும் காரணம் உண்டு. எந்த இலையையும் ஒட்டி அசையாத காற்றுப் படலம் ஒன்று இருக்கும். இலை பெரிதானால் படலம் தடிக்கும். வெப்பம் எளிதில் வெளியேறாது. அப்போது இலை தன்னைக் குளிர்விக்க நீரை ஆவியாக்கியே தீர வேண்டும். சிறிய இலையில் படலம் மெல்லியது, வீசும் காற்றே சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். வாழை தண்ணீர் செலவழித்துச் செய்யும் வேலையை ஆவாரை காற்றைக் கொண்டு முடித்துக்கொள்கிறது. பொழுது சாய்ந்தால் சிற்றிலைகள் மடிந்து தூங்கும், விடிந்ததும் விரியும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். ஆவாரை அவரைக் குடும்பத்துச் செடி, ஆகவே வேர்முடிச்சில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தரும் என்று சில வேளாண் கையேடுகளிலும் மேடைகளிலும் சொல்லப்படுகிறது. நிலக்கடலைக்கும் தட்டைப்பயறுக்கும் அது பொருந்தும். சென்னா பேரினம் அந்தக் குடும்பத்தில் விதிவிலக்கு, பொதுவாக அதில் வேர்முடிச்சு உண்டாவதில்லை. ஆவாரந்தழையை வயலில் மிதித்து உரமாக்குவது நல்ல பழக்கம்தான். களர் நிலத்தைத் திருத்தவும் அந்தத் தழை பயன்பட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சத்து வேர் ஆழத்திலிருந்து இழுத்து இலையில் சேர்த்தது. தழையை வெட்டி மண்ணில் போட்டால்தான் நிலத்துக்குப் பயன். செடி சும்மா நிற்பதால் மண் வளம் கூடாது.

பூவைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் கூடுதல் ஆசை. ஒரு கொத்தை ஒடித்துக் கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஐந்து இதழ்கள், சுருக்கம் விழுந்த மெல்லிய மஞ்சள், நரம்புகள் தெளிவாக ஓடும். நடுவில் பத்து மகரந்தத் தண்டுகள், ஆனால் பத்தும் ஒரே மாதிரி இல்லை. மேலே மூன்று வளராமல் நின்ற மலட்டுத் தண்டுகள். நடுவில் குட்டையானவை சில. கீழே நீளமாக, உள்நோக்கி வளைந்த பெரிய தண்டுகள். சூல்தண்டும் நீண்டு வளைந்திருக்கும். சென்னாப் பூக்களில் அது சிலவற்றில் இடப்பக்கமும் சிலவற்றில் வலப்பக்கமும் சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம். தேனைத் தேடினால் ஒரு சொட்டுகூடக் கிடைக்காது. இந்தப் பூவில் தேன் இல்லை.

மகரந்தமும் எளிதில் கிடைப்பதில்லை. பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடித்துத் தூளைக் கொட்டிவிடும். இங்கே பையின் நுனியில் ஒரு சிறு துளை மட்டுமே. அதைத் திறக்கும் வித்தை தெரிந்தவை கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீக்கள். வண்டு பூவைக் கால்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமலே பறக்கும் தசைகளை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது வருவதைவிடக் கூரான ஒரு ரீங்காரம் கேட்கும். அந்த அதிர்வில் துளை வழியாக மகரந்தம் பீய்ச்சி அடிக்கிறது. குட்டைத் தண்டுகளிலிருந்து வருவதை வண்டு சேர்த்துக்கொண்டு போகிறது, அது அதன் கூலி. நீண்ட தண்டுகளிலிருந்து வருவது வண்டின் கைக்கு எட்டாத உடற்பகுதியில் ஒட்டி, அடுத்த பூவின் சூல்முடியில் போய் உரசுகிறது. சாதாரணத் தேனீக்கு இந்த அதிர்வு வராது; சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும். காலை வெயில் ஏறும் நேரத்தில் பூத்த புதர் அருகே கொஞ்சம் நின்றால் பறக்கும் சத்தத்துக்கும் இந்த ரீங்காரத்துக்கும் உள்ள வேறுபாடு காதிலேயே தெரியும்.

பூவில் இல்லாத தேன் இலையில் இருக்கிறது. சிற்றிலை ஜோடிகளுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும் சின்னச் சுரப்பிகள் இனிப்புத் திரவம் கசிகின்றன. எறும்புகள் அதற்காகக் காம்பில் மேலும் கீழும் ஓடும். எறும்பு நடமாட்டமுள்ள இலையில் பூச்சி முட்டையிடத் தயங்கும். எல்லாப் பூச்சியும் தயங்காது என்பதற்கு வெளிர்பச்சை நிற வலசைப் பட்டாம்பூச்சி ஒன்று சாட்சி. அதன் புழு ஆவாரை இலையைத்தான் தின்று வளர்கிறது. நடுநரம்பின் மேல் நீட்டிப் படுத்திருந்தால் கண்ணில் படவே படாது.

இனி துவர்ப்பு. அதன் பெயர் டானின். ஆவாரையின் காய்ந்த பட்டையில் ஏறத்தாழ 18 சதவீதம் டானின்தான். புரதத்தைக் கண்டால் அதனோடு பிணைந்துகொள்வது அதன் குணம். நெல்லிக்காயையோ ஆவாரம்பட்டையையோ கடித்ததும் நாக்கு இழுப்பது ஏன் என்றால், உமிழ்நீரில் உள்ள வழவழப்பான புரதங்களை டானின் திரட்டிவிடுகிறது. ஆட்டின் வயிற்றில் இது தீவனப் புரதத்தைப் பிடித்துவைத்துச் செரிமானத்தைக் கெடுக்கும். ஆட்டுக்கு வேதியியல் தெரியாவிட்டாலும் வாய்க்குத் தெரியும்.

அதே பிணைப்பைத்தான் தோல் பதனிடுபவர்கள் காசாக்கினார்கள். பச்சைத் தோல் என்பது கொலாஜன் என்ற புரதத்தின் பின்னல். ஈரம் இருக்கும்வரை கிருமிகள் அதை அழுக வைக்கும், காய்ந்தால் விறைத்துப்போகும். டானின் அந்த இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றை ஒன்றோடொன்று கட்டுகிறது, நீர் இருந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது. பிறகு அது அழுகாத, வளையும் தோல். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலை ஆவாரம்பட்டைத் தொட்டிகளில் வாரக்கணக்கில் போட்டு, கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் முக்கி எடுப்பார்கள். ஆவாரையில் மட்டும் பதனிட்ட தோல் வெளிச்சத்தில் சிவந்துபோகும். கடுக்காய் அதைத் தடுத்து இளம் நிறம் தரும். இந்த முறையில் தயாரான தோல்தான் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டன் ஏலச் சந்தைக்குப் போனது.

சித்தூருக்கும் தோல் பதனிடும் ஊர்களுக்கும் இடையில் இன்று மாநில எல்லை ஓடுகிறது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை சித்தூரும் சந்திரகிரியும், டேனரிகள் நிறைந்த ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பேரணாம்பட்டும் ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. மாவட்டத் தலைநகரே சித்தூர்தான். தென்னிந்தியாவின் வறண்ட நிலமெங்கும் ஆவாரங்கிளைகளை வெட்டி, பட்டையை உரித்து, வெயிலில் காயவைத்து மூட்டை கட்டி விற்ற கூலிக் குடும்பங்கள் இந்தத் தொழிலின் முதல் படி. பஞ்ச காலத்திலும் வெட்டலாம், வெட்டினால் மறுபடி துளிர்க்கும், நட்டவர் யாருமில்லை. ஏற்றுமதிக் கணக்குகளில் கிப்ஸின் விலை இருக்கும், பட்டை உரித்த கையின் கூலி இருக்காது.

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படைகளின் பூட்சுக்காக இந்தத் தோலை அரசே மொத்தமாக வாங்கியது. தேவை பெருகப் பெருகப் பட்டை போதவில்லை. ஆப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து வாட்டில் மரப்பட்டை கப்பலேறி வந்தது. அதில் டானின் அதிகம், தோட்டமாகப் பயிரிட்டதால் சரக்கும் ஒரே தரம். இன்னொரு பக்கம், 1903இலேயே சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சேட்டர்டன் குரோமிய உப்பில் பதனிடும் சோதனையைத் தொடங்கியிருந்தார். வாரங்கள் பிடித்த வேலை நாள் கணக்கில் முடிந்தது. ஆவாரையின் காலம் அப்படித்தான் முடிந்தது. வாட்டில் பின்னர் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நடப்பட்டு, புல்வெளிகளை விழுங்கியது. குரோமியம் பாலாற்றில் கலந்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பாயிற்று. அதற்காக ஆவாரம்பட்டைக்கே திரும்பிவிடலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டானின் கழிவுநீரும் ஆற்றின் ஆக்சிஜனைக் குடித்துவிடும். அத்தனை டேனரிக்குப் பட்டை வேண்டுமென்றால் சேஷாசலத்திலிருந்து ஜவ்வாது மலை வரை ஒரு புதர் மிஞ்சாது.

பட்டைச் சந்தை போனபின் பூச்சந்தை வந்திருக்கிறது. நீரிழிவு நாடான இந்தியாவில் காய்ந்த ஆவாரம்பூவும் பொடியும் தேநீர்ப் பைகளும் கூரியரில் பறக்கின்றன. இதற்கு அடிப்படை இல்லாமலில்லை. சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் நீரிழிவுக்குப் பெயர்பெற்ற கூட்டுக் கஷாயம்; கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை ஆகியவற்றோடு ஆவாரை சேர்வது அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பரியும் லதாவும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு உண்டாக்கிய எலிகளுக்கு முப்பது நாள் பூச்சாறு கொடுத்தபோது சர்க்கரை இறங்கியது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் குடல் நொதியைப் பூச்சாறு தடுக்கிறது என்று பிற ஆய்வுகள் காட்டின. துவர்ப்புப் பொருள்கள் புரதத்தோடு பிணைபவை, நொதியும் புரதமே என்பதை நினைத்தால் இதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் எலி எலிதான். மனிதர்களிடம் பெரிய அளவில், ஒழுங்காகச் செய்த சோதனைகள் வராதவரை ஆவாரம்பூ மாத்திரைக்கு மாற்று ஆகாது. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்ற பழமொழியைப் பொட்டலத்தில் அச்சடிப்பவர்கள் இலங்கையில் நடந்த இரண்டு ஆய்வுகளை அச்சடிப்பதில்லை. அங்கே இது ரணவரா, தேநீராகக் குடிப்பார்கள். 1981இல் அங்கே மூலிகைகளைச் சோதித்தவர்கள், கல்லீரலைக் கெடுக்கக்கூடிய பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் உள்ள மூன்று செடிகளில் ஒன்றாக இதைக் குறித்தார்கள். 2004இல் வந்த இன்னோர் ஆய்வில், வலிப்பு மருந்தான கார்பமாசெபினோடு ஆவாரைத் தேநீரும் கொடுத்த எலிகளின் இரத்தத்தில் மருந்தின் அளவு 47 சதவீதம் கூடியது. என்றோ ஒருநாள் பாசிப்பருப்போடு கூட்டு வைத்துத் தின்பவர் பயப்பட வேண்டியதில்லை. தினமும் மாதக்கணக்கில் குடிப்பவரும், வேறு மாத்திரை எடுப்பவரும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிக்க வேண்டும்.

இன்னொரு ஏமாற்று பழையது. திருநெல்வேலியின் நிலவாகை மலமிளக்கியாக உலகெங்கும் போகும் சரக்கு. ஆவாரை அதற்கு நெருங்கிய உறவு, இலையும் ஒத்திருக்கும். ஆகவே கலப்படத்துக்கு வசதி. ஆனால் நிலவாகையின் மலமிளக்கும் பொருள் இதில் இல்லை. 80 சதவீதக் கந்தக அமிலத்தில் இட்டால் ஆவாரை இலை செக்கச்செவேல் என்று மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

பொங்கலுக்கு முன் கூரையில் செருகும் காப்புக் கட்டில் வேப்பிலை, சிறுபீளையோடு ஆவாரை இருக்கும். குறிஞ்சிப்பாட்டின் நீண்ட பூ வரிசையிலும் ஆவிரை உண்டு. மடலேறும் காதலன் சூடியதாகவும் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. தெலங்கானா 2014இல் தங்கேட்டை மாநில மலராக்கியது. அங்கே பதுகம்மா பண்டிகையின் பூக்கோபுரம் இதில்லாமல் எழாது. இத்தனை மரியாதைக்குரிய செடி வருவாய்த் துறைக் கணக்கில் நிற்பது தரிசு நிலத்தில். அந்தச் சொல்தான் ஆபத்து. தரிசு என்று எழுதிய நிலம் கல்குவாரிக்கும் மனைப்பிரிவுக்கும் முதலில் போகிறது.

சித்தூர், திருப்பதி விவசாயிகளுக்கு ஆவாரையைத் தனிப்பயிராகப் போடச் சொல்ல மாட்டேன். பூவின் விலை நிலையில்லாதது, பறிக்கும் கூலியே வருமானத்தைத் தின்றுவிடும். வேலி, ஏரிக்கரைச் சரிவு, பண்ணைக்குட்டையின் கரை, மாந்தோப்பின் ஓரம் ஆகிய இடங்கள்தான் இதற்கு. ஆடு தொடாத வேலி வேறு எந்தச் செடியில் இத்தனை மலிவாகக் கிடைக்கும்? கரை மண்ணை வேர் பிடித்துக்கொள்ளும், ஆண்டுக்கு ஒருமுறை வெட்டினால் தழை கிடைக்கும். மாந்தோப்பு ஓரத்தில் இருந்தால் தேனீக்களும் வண்டுகளும் ஆண்டின் பெரும்பகுதியில் அந்தப் பக்கம் நடமாடும். புதிய நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி அரளி வளர்க்கும் ஒப்பந்ததாரர்கள் பாதித் தூரத்துக்கு இதை நட்டால் டீசலாவது மிஞ்சும்.

வளர்ப்பதில் ஒரே சிக்கல் விதையின் ஓடு. அது நீரை உள்ளே விடாது. ஒரே செடியின் விதைகள் ஒரே மழையில் முளைத்து அடுத்த வறட்சியில் ஒட்டுமொத்தமாகச் சாகாமலிருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. நமக்கு ஒரே நேரத்தில் முளைக்க வேண்டும் என்றால் ஓட்டை இளக்க வேண்டும். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதையைப் போட்டு இரவு முழுக்க அப்படியே விட்டால், ஓடு திறந்தவை காலையில் ஊதியிருக்கும். ஊதாதவற்றுக்கு மறுபடி ஒரு தடவை. மணலும் செம்மண்ணும் எருவும் கலந்த பையில் விரற்கடை ஆழத்துக்குள் ஊன்றலாம், அல்லது மழை தொடங்கும் முன் கரையில் நேரடியாகவே விதைக்கலாம். செடிக்குச் செடி நான்கைந்து அடி. முதல் கோடையில் மாதம் ஓரிரு முறை தண்ணீர் கிடைத்தால் போதும். நீர் தேங்கும் இடமும் நிழலும்தான் இதற்கு ஆகாதவை.

தட்டையான, காகிதம் போன்ற பழுப்புக் காய்கள் கோடைக்கு முன் செடியிலேயே காய்ந்து தொங்கும். ஒன்றில் பன்னிரண்டு முதல் இருபது விதைகள் வரை இருக்கும். பூப்பறிக்கப் போகிறவர்கள் ஒரு புதரில் பாதிப் பூவையாவது காய்க்க விட்டுவிடுங்கள். மாசி, பங்குனியில் அந்தக் காய்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஆடி முடிவதற்குள் உங்கள் ஊர் ஏரிக்கரையில் தூவுங்கள்.